தட்டிப் பார்த்தால் தெரியும் – ஜோடி கிடைக்காத அணுக்களின் கதை

மண்பானை வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்வது, விரலை மடக்கி அதைத் தட்டிப் பார்ப்பது. நல்ல பானை கணீரென்று பதில் சொல்லும். விரிசல் விட்ட பானை, வெளியே என்னதான் செக்கச்செவேலென்று இருந்தாலும், சத்தத்தில் காட்டிக் கொடுத்துவிடும். தேங்காய்க்கும் பலாப்பழத்துக்கும்கூட இதே வைத்தியம்தான். உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாவிட்டால் தட்டு, காதைக் கொடு. அவ்வளவுதான்.

2009-ல் பாரிஸில் சில இயற்பியலாளர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். அவர்கள் தட்டியது பானையை அல்ல, லித்தியம் அணுக்களால் ஆன ஒரு குட்டி மேகத்தை. காற்றைவிட லட்சக்கணக்கான மடங்கு மெலிந்த மேகம் அது. வெப்பநிலை, தனிச்சுழிக்கு மேலே ஒரு டிகிரியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதைத் தட்டி, அது எப்படித் துடிக்கிறது என்று பார்த்து, அதற்குள் இருந்த ஒரு 'தனிக்கட்டை' அணுவின் எடையைச் சொன்னார்கள். அதோடு, அமெரிக்காவின் இரண்டு பெரிய ஆய்வகங்களுக்கு நடுவே மூன்று வருடமாக நடந்துகொண்டிருந்த ஒரு வழக்கில் சாட்சியும் சொன்னார்கள்.

வழக்கு என்ன என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். (கணக்கு பயப்படுகிறவர்கள் ஓட வேண்டாம். ஒரே ஒரு இடத்தில்தான் வரும். அதுவும் வர்க்கமூலம்தான்!)

உலகத்தில் இருக்கும் துகள்களை இரண்டு சாதியாகப் பிரிக்கலாம்: போசான், ஃபெர்மியான். போசான்களுக்குக் கூட்டம் பிடிக்கும். எத்தனை வேண்டுமானாலும் ஒரே நிலையில் அடைந்து கிடக்கும். 1995-ல் கொலராடோவில் எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் ருபிடியம் அணுக்களை அப்படி அடைத்துக் காட்டினார்கள். அதே வருடம் எம்.ஐ.டி.யில் வுல்ஃப்காங் கெட்டர்லே சோடியத்தில் செய்தார். மூவருக்கும் 2001-ல் நோபல் பரிசு. போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள் என்று பாடப்புத்தகத்தில் வருவது இதுதான்.

ஃபெர்மியான்கள் அப்படி இல்லை. பஸ்ஸில் ஒரு சீட்டுக்கு ஒருவர்தான் என்று கண்டிப்பாக இருக்கும் ஜாதி. கீழ்ப்படியில் ஒன்று உட்கார்ந்துவிட்டால் அடுத்தது அதற்கு மேல்படிக்குத்தான் போக வேண்டும். எலக்ட்ரான் ஃபெர்மியான். நியூட்ரான் ஃபெர்மியான். லித்தியம்-6 அணுவில் 3 புரோட்டான், 3 நியூட்ரான், 3 எலக்ட்ரான், மொத்தம் ஒன்பது. ஒற்றைப்படை என்பதால் அணு முழுவதுமே ஃபெர்மியான் போல நடந்துகொள்ளும். இப்படிப்பட்ட அணுக்களை முதன்முதலில் போதுமான அளவு குளிர வைத்துக் காட்டியவர் டெபோரா ஜின். 1999-ல், தன் மாணவர் பிரையன் டிமார்கோவுடன், பொட்டாசியம்-40 அணுக்களைக் கொண்டு செய்தார். 2016-ல் 47 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். இந்தத் துறையில் அதற்குப் பிறகு வந்த எல்லாக் கட்டுரைகளும் அவர் போட்ட பாதையில் நடந்தவைதான்.

சரி, கூட்டம் சேராத ஃபெர்மியான்கள் ஒன்றாக ஓட வேண்டுமானால்? ஒரே வழி, ஜோடி சேர வேண்டும். இரண்டு ஃபெர்மியான் சேர்ந்தால் அந்த ஜோடி போசான் மாதிரி நடக்கும். மீக்கடத்திகளில் எலக்ட்ரான்கள் செய்வது இதைத்தான் என்று 1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கினார்கள். ஜோடி சேர எதிரெதிர் ஸ்பின் வேண்டும். 'மேல்' ஒன்று, 'கீழ்' ஒன்று. லித்தியத்திலும் அதற்கு ஈடாக இரண்டு உள்நிலைகள் இருக்கின்றன. உண்மையில் அவை சுத்தமான மேலும் கீழும் இல்லை. ஆனாலும் ஆய்வகத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஒரே வகை அணுக்கள் இந்தக் குளிரில் ஒன்றையொன்று மோதிக்கொள்வதுகூட இல்லை, பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடும். எதிர்வகையைத்தான் கண்டுகொள்ளும்.

எவ்வளவு கண்டுகொள்ளும் என்பதுகூட ஆய்வாளரின் கையில் இருக்கிறது. காந்தப்புலத்தை ஏற்றி இறக்கினால் ஈர்ப்பு கூடும், குறையும். லித்தியம்-6-க்கு 832 காஸ் அருகே ஓர் உச்சம் வருகிறது. ஃபெஷ்பாக் ஒத்ததிர்வு என்று பெயர். அந்தப் புள்ளியில் இரண்டு அணுக்களுக்கு நடுவே உள்ள உறவு குவாண்டம் விதிகள் அனுமதிக்கிற அளவுக்கு வலுவாகிவிடும். அதற்குப் பிறகு அந்த வாயு லித்தியமா, பொட்டாசியமா, நியூட்ரானா என்பதே முக்கியமில்லை. அணுக்களுக்கு இடையே உள்ள சராசரி தூரம் ஒன்றுதான் கணக்கு. நியூட்ரான் நட்சத்திரத்தின் மேலடுக்கில் இருக்கும் பொருளைப் பற்றி யோசிப்பவர்கள் இந்த மேசைமேல் மேகத்தை ஏன் எட்டிப் பார்க்கிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

2005-ல் எம்.ஐ.டி. குழு இந்த மேகத்தைச் சுழற்றிவிட்டு, உள்ளே வரிசை வரிசையாகக் குட்டிச் சுழிகள் நிற்பதைப் படம் பிடித்தது. உராய்வே இல்லாமல் ஓடும் மீப்பாய்மம் ஆகிவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். மேலும் கீழும் சம எண்ணிக்கையில் இருந்தால் எல்லோருக்கும் ஜோடி, எல்லோரும் சந்தோஷம்.

எண்ணிக்கை சமமில்லை என்றால்?

நூறு அணுவில் எண்பது மேல், இருபது கீழ் என்று வையுங்கள். இருபது ஜோடி சேரும். மிச்சம் அறுபது என்ன செய்யும்? ஓரமாக ஒதுங்கி நிற்குமா? ஜோடிகளுக்கு நடுவே புகுந்து திரியுமா? அல்லது, 'எங்களுக்கு இல்லாதது உங்களுக்கும் வேண்டாம்' என்று மீப்பாய்மத்தையே கலைத்துவிடுமா?

இந்தக் கேள்வி அணு வாயுக்களைவிட வயதானது. 1962-ல் ஆல்பர்ட் கிளாக்ஸ்டன், பி.எஸ். சந்திரசேகர் என்ற இருவர் தனித்தனியாக ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். காந்தப்புலம் எலக்ட்ரான்களின் ஸ்பின்னை ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். ஜோடி சேருவதில் கிடைக்கும் லாபத்தைவிடத் திரும்புவதில் கிடைக்கும் லாபம் அதிகமானால் ஜோடி உடையும், மீக்கடத்தி சாதாரண உலோகமாகிவிடும். சந்திரசேகர்-கிளாக்ஸ்டன் எல்லை என்று இதற்குப் பெயர். இந்தப் பெயரைப் பார்த்ததும் 'அட, நம்ம நோபல் சந்திரசேகர் இதையும் செய்தாரா!' என்று பலரும் பூரித்துப் போவதுண்டு. இல்லை. வெள்ளைக் குள்ளன் எல்லையைச் சொன்னவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இவர் வேறு. இரண்டு சந்திரசேகர்கள், இரண்டு எல்லைகள்! பெயர்க் குழப்பத்தில் பி.எஸ். சந்திரசேகருக்குக் கிடைக்க வேண்டிய பேர் பாதி காணாமல் போய்விட்டது என்றே தோன்றுகிறது.

உலோகத்தில் இந்த எல்லையைச் சோதிப்பது பெரிய தலைவலி. மீக்கடத்தி காந்தப்புலத்தை உள்ளேயே விடாது. விட்டாலும் புலம் எலக்ட்ரான்களின் பாதையையும் சேர்த்துக் கெடுக்கும். அணுக்களுக்கு மின்னூட்டம் இல்லை, அந்தத் தொல்லையும் இல்லை. ரேடியோ அலையைக் கொஞ்ச நேரம் காட்டினால் வேண்டிய அளவு அணுக்களை 'மேலி'லிருந்து 'கீழு'க்கு மாற்றலாம். மாற்றிய பிறகு அந்த எண்ணிக்கை அப்படியே நிற்கும். தானாக ஒன்றும் புரண்டு படுக்காது. பெண் வீட்டார் எத்தனை பேர், மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர் என்று பத்திரிகை அடிக்கும்போதே முடிவு செய்துவிட்ட கல்யாணம் மாதிரி.

2006 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று எம்.ஐ.டி.யிலிருந்து, மார்ட்டின் ஸ்வீர்லைன், கெட்டர்லே குழு. இன்னொன்று ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து, ராண்டல் ஹியூலட் குழு. இரண்டும் லித்தியம்-6. இரண்டும் அதே காந்தப்புலப் பகுதி. இரண்டும் சமமில்லாத எண்ணிக்கை.

சில விஷயங்களில் ஒத்துப் போனார்கள். மேகத்தின் நடுவே ஜோடிகள் சேர்ந்து ஒரு கரு, உபரி அணுக்கள் வெளியே. பந்தியில் இடம் கிடைத்தவர்கள் நடுவில், கிடைக்காதவர்கள் வாசலில்! இதில் சண்டை இல்லை. சண்டை எல்லாம் விவரத்தில். எம்.ஐ.டி. மேகத்தில் மூன்று அடுக்கு: நடுவே மீப்பாய்மம், வெளியே உபரி மட்டும், இரண்டுக்கும் நடுவே இரு வகையும் கலந்திருந்தும் மீப்பாய்மம் ஆகாத ஓர் அடுக்கு. ஏற்றத்தாழ்வை மொத்த எண்ணிக்கையில் இத்தனை சதவீதம் என்று சொல்வது வழக்கம் (எண்பது, இருபது என்றால் 60 சதவீதம்). அது 70, 75 சதவீதத்தைத் தாண்டினால் நடுக்கரு காணாமல் போய்விடும் என்றது எம்.ஐ.டி. அதாவது ஒரு கீழுக்கு ஏழு மேல் என்று ஆகும்போது கல்யாணமே நின்றுவிடுகிறது.

ரைஸ் மேகத்தில் இரண்டே அடுக்கு. நடுவே கரு, வெளியே உபரி, இடையில் ஒன்றுமில்லை. ஏற்றத்தாழ்வு 90 சதவீதம் தாண்டிய பிறகும் கரு அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு அந்தக் கருவின் வடிவம் பொறியின் வடிவத்தோடு ஒத்துப் போகவில்லை, கொஞ்சம் குட்டையாகிக் குண்டாகி நின்றது.

இரண்டும் சரியாக இருக்க முடியாது. ஆனால் இரண்டு குழுவுமே சாதாரணக் குழு இல்லை. யாருக்கும் அளக்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. வித்தியாசம் என்ன என்று தேடியவர்கள் கண்ணில் முதலில் பட்டது பொறியின் வடிவம். லேசர் ஒளியால் அணுக்களைப் பிடித்து வைக்கும் பொறி எம்.ஐ.டி.யில் ஓரளவு பருத்தது, கொழுக்கட்டை மாதிரி. ரைஸில் மெலிந்து நீண்டது, தீக்குச்சி மாதிரி. மெலிந்த மேகத்தில் கருவுக்கும் உபரிக்கும் நடுவே உள்ள எல்லையில் பரப்பு இழுவிசை பெரிதாகி வடிவத்தைக் கெடுக்கிறது என்று ஒரு விளக்கம் வந்தது. நீர்த்துளியை உருண்டையாக்குகிற அதே இழுவிசைதான். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ரைஸ் பார்த்த அளவுக்கு வடிவம் மாற, தேவைப்பட்ட இழுவிசை கோட்பாடு சொன்னதைவிட ரொம்ப அதிகம்.

இந்த நிலைமையில்தான் பாரிஸ் வருகிறது. இக்கோல் நார்மால் சுப்பீரியர் என்ற பழைய கல்லூரியின் ஆய்வகம். சில்வான் நாசிம்பென், நிர் நவோன் முதலானோர், மூத்தவர்களாக ஃப்ரெடெரிக் ஷெவி, கிறிஸ்டோஃப் சலமோன். அவர்களுடைய பொறியும் ரைஸ் மாதிரி மெலிந்து நீண்டதுதான். அதில் அவர்கள் மேகத்தை நிறுத்திவைத்துப் படம் எடுத்ததோடு விடாமல், அதைத் தட்டியும் பார்த்தார்கள்.

எப்படித் தட்டுவது? நீளவாக்கில் பிடித்திருக்கும் புலத்தைக் கணநேரம் தளர்த்திவிட்டுப் பழையபடி பிடித்தால் போதும். மேகம் நீண்டு சுருங்கி, நீண்டு சுருங்கி, மூச்சு விட ஆரம்பிக்கும். மூச்சு விடும் அதிர்வு என்றே அதற்குப் பெயர். ஒரு குறிப்பிட்ட நேரம் பொறுத்து ஒரு படம். படம் எடுத்தால் மேகம் அழிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து அணுக்களைச் சேர்த்து, குளிர வைத்து, அதே எண்ணிக்கைக்குக் கொண்டுவந்து, தட்டி, இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பொறுத்து அடுத்த படம். ஓர் அதிர்வை வரைய இப்படிப் பல மேகங்கள் பலியாக வேண்டும். மேல் அணுக்களை ஒரு படம், கீழ் அணுக்களை ஒரு படம். திரைப்படம் போலத் தெரிகிற ஒவ்வொரு வளைகோட்டுக்கும் பின்னால் இத்தனை ராத்திரி வேலை இருக்கிறது.

அளவுகோலும் இந்த மேகத்துக்குள்ளேயே கிடைக்கிறது என்பது இதில் அழகான விஷயம். மேகம் முழுவதையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டால் குடத்துத் தண்ணீர் மாதிரி அங்கும் இங்கும் தளும்பும். அந்தத் தளும்பலின் வேகம் அணுக்களுக்குள் என்ன உறவு, என்ன பகை என்பதைப் பொறுத்ததே இல்லை, பொறியை மட்டும் பொறுத்தது. (கோன் தேற்றம் என்று இதற்குப் பெயர். நிரூபணம் அரைப் பக்கம்தான்.) ஆகவே தளும்பலை 1 என்று வைத்துக்கொண்டு மூச்சை அதனோடு ஒப்பிடலாம்.

ஒன்றையொன்று கண்டுகொள்ளாத அணுக்களாக இருந்தால் மூச்சு சரியாக 2. காரணம் எளிது. ஒவ்வொரு அணுவும் தனித்தனி ஊஞ்சல். ஓர் ஆட்டத்துக்குள் இரண்டு முறை நடுவைக் கடக்கும், மேகம் இரண்டு முறை சுருங்கும். ஆனால் அணுக்கள் வலுவாகப் பின்னிப் பிணைந்து ஒரே திரவம்போல நடந்தால், மெலிந்த பொறியில் மூச்சு 12/5-ன் வர்க்கமூலம், அதாவது 1.55. நீளவாக்கில் அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கி இடம் கொடுத்துவிடுகிறது, அதனால் மெதுவாகத் துடிக்கிறது. (மிரட்டிய கணக்கு இவ்வளவுதான், கொஞ்சம் பாக்கி இருக்கிறது.) ஆக, 1.55 கேட்டால் குடும்பம் ஒன்றாக இருக்கிறது. 2 கேட்டால் அவரவர் பாட்டுக்கு இருக்கிறார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. 1.55 வந்தாலே மீப்பாய்மம் என்று துள்ளக் கூடாது. அடிக்கடி மோதிக்கொள்ளும் சாதாரணத் திரவமும் இந்தப் பொறியில் 1.55-தான் சொல்லும். பல ஜனரஞ்சகக் கட்டுரைகள் இந்த இடத்தில் வழுக்கி விழுகின்றன.

பாரிஸ்காரர்கள் கேட்டது இது. ஏற்றத்தாழ்வு குறைவாக இருந்தபோது மேலும் கீழும் சேர்ந்து ஒரே மூச்சு, 1.55-ஐ ஒட்டி. ஜோடி கிடைக்காத உபரிகளும்கூட ஒட்டிக்கொண்டு அதே தாளத்தில் ஆடின. ஏற்றத்தாழ்வை ஏற்றிக்கொண்டே போனார்கள். ரொம்ப அதிகமானதும் இரண்டும் பிரிந்தன. பெரும்பான்மை மேல் அணுக்கள் தனி ஊஞ்சல்களின் 2-ஐ நோக்கி ஓடின. சிறுபான்மை கீழ் அணுக்கள்? அவை 2-ஐயும் தாண்டி, 2.35 என்று துடித்தன.

2.35! தனி ஊஞ்சலைவிட வேகம். யாருமே இல்லாத காலிப் பொறியில்கூட ஓர் அணுவால் அந்த வேகத்தில் ஆட முடியாது. பொறி திடீரென்று இறுக்கமாகிவிட்டதா என்ன?

ஒரு விதத்தில் ஆமாம். கூட்டமான மேல் அணுக்களுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்ட கீழ் அணுவை நினைத்துப் பாருங்கள். சுற்றியுள்ளவை எல்லாம் அதை இழுக்கின்றன. அது தன்னைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டே நகர்கிறது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகிற மாதிரி. போகிற இடமெல்லாம் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள், கடந்ததும் கலைவார்கள், அடுத்த கும்பல் சூழும். தூரத்திலிருந்து பார்த்தால் மாப்பிள்ளை கொஞ்சம் கனத்துவிட்டது போலத் தெரியும். அணுவையும் அதன் கூட்டத்தையும் சேர்த்து ஒரே துகளாகக் கணக்கு வைத்தால் அதன் பெயர் போலரான். படிகத்துக்குள் ஓடும் எலக்ட்ரானைப் பற்றி 1933-ல் லாண்டாவ் போட்ட விதை அது. இங்கே எலக்ட்ரானுக்குப் பதில் லித்தியம், படிகத்துக்குப் பதில் ஃபெர்மிக் கடல்.

பாக்கி இருந்த கணக்கு இதோ. கடலுக்குள் இருக்கும்போது போலரானுக்குக் கிடைக்கும் ஆற்றல் லாபம், அந்த இடத்தில் உள்ள மேல் அணுக்களின் ஃபெர்மி ஆற்றலில் 0.61 பங்கு என்று கோட்பாட்டாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். 2009-ல் எம்.ஐ.டி. ரேடியோ அலை கொண்டு அளந்தபோதும் 0.64, பிழை எல்லைக்குள் அதேதான். மேல் அணுக்கள் பொறியின் நடுவே நெருக்கமாகவும் ஓரத்தில் மெலிந்தும் இருப்பதால், இந்த லாபமும் நடுவில்தான் அதிகம். ஆகவே பொறி இழுக்கும் அதே நடுவுக்குக் கூட்டமும் சேர்ந்து இழுக்கிறது. பொறி 1 என்று இழுத்தால் கூட்டம் 0.61, மொத்தம் 1.61. ஊஞ்சலின் வேகம், இழுப்பை நிறையால் வகுத்து எடுத்த வர்க்கமூலம். அளந்த 2.35-ல் பாதி 1.175. அதன் வர்க்கம் 1.38. 1.61-ஐ 1.38-ஆல் வகுத்தால் 1.17.

அதுதான் தனிக்கட்டையின் எடை. வெறும் லித்தியம் அணுவைப்போல் 1.17 மடங்கு, பிழை எல்லை 0.10. ஓர் அணுவைத் தராசில் போட முடியாது. அதைச் சுற்றி நின்று கலைகிற கூட்டத்தை நிச்சயமாகப் போட முடியாது. ஆனால் ஊஞ்சலில் ஆட விட்டு, கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடம் அதே குழு வேறு வழியில், வாயுவின் அழுத்தத்தை அளந்து எடுத்த மதிப்பும் 1.2-ஐ ஒட்டியே வந்தது.

இந்த எண்ணைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டியது, அது பெரிதாக இருப்பதால் அல்ல, சிறிதாக இருப்பதால். குவாண்டம் விதி அனுமதிக்கிற உச்சபட்ச ஈர்ப்பு இது. ஆனாலும் எடை கூடியது ஆறில் ஒரு பங்குதான். எதிர்பார்ப்பு என்னவோ, தனிக்கட்டை கால் சேற்றில் புதைந்த மாதிரி நகரும் என்பதுதானே? அப்படி இல்லை. மேல் அணுக்களுக்கும் 'ஒரு சீட்டுக்கு ஒருவர்' சட்டம் உண்டு. எழுந்து வந்து தனிக்கட்டையைச் சூழ அவை எல்லாவற்றுக்கும் காலி சீட்டு கிடைப்பதில்லை. அதனால் கூட்டம் பெரிதாவதில்லை. எம்.ஐ.டி. பார்த்த அந்த நடு அடுக்கு, மீப்பாய்மமும் இல்லாத, தனிப்பட்ட உபரியும் இல்லாத அடுக்கு, இப்படிப்பட்ட போலரான்கள் திரிகிற இடம்தான். ஜோடி கிடைக்கவில்லை என்பதற்காக அவை ஒதுங்கிவிடவில்லை, சுற்றியிருப்பவர்களோடு வேறு விதமாக உறவு வைத்துக்கொண்டிருக்கின்றன.

வழக்குக்கு வருவோம் என்றால், பாரிஸின் சாட்சி எம்.ஐ.டி. பக்கம். பொறி மெலிந்துதான் இருந்தது. ஆனால் கரு கோணவில்லை. 75 சதவீதத்தை ஒட்டிக் கரு மறைந்தது. அப்படியானால் மெலிந்த பொறி மட்டும் குற்றவாளி இல்லை. ரைஸில் என்னதான் நடந்தது?

2009-லேயே மீரா பாரிஷ், டேவிட் ஹ்யூஸ் இருவரும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்கள். அணுக்களைக் குளிர வைக்கும் கடைசிக் கட்டம், சூடான காபியை ஆற்றுவது போன்றது. ஆவியாகப் போவது சூடானவை, மிஞ்சுவது குளிர்ந்தவை. தீக்குச்சி மாதிரிப் பொறியில் அணுக்கள் தப்பிப்பது பெரும்பாலும் நடுப்பகுதியிலிருந்து. தப்பிப்பவை பெரும்பாலும் உபரி மேல் அணுக்கள். நடுவில் உபரி குறைந்தால், நீளக் கோடியில் இருக்கும் உபரி ஓடிவந்து ஈடுகட்ட வேண்டும். ஆனால் ஸ்பின் இந்த வாயுவுக்குள் வேகமாக ஓடாது, எதிர்வகையோடு முட்டி முட்டித்தான் வரும். வந்து சேருவதற்குள் படம் எடுத்து முடிந்துவிடும். அதாவது மேகம் இன்னும் சமநிலைக்கே வராமல் இருந்திருக்கலாம் என்றார்கள்.

ஸ்பின் அவ்வளவு மந்தமா என்பதற்கு, 2011-ல் எம்.ஐ.டி.யில் ஸ்வீர்லைன் குழு கண்ணுக்கு நேரே ஒரு காட்சி காட்டியது. மேல் அணுக்களின் மேகத்தையும் கீழ் அணுக்களின் மேகத்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்றை மோத விட்டார்கள். அத்தனை மெலிந்த இரண்டு வாயுக்கள் ஒன்றையொன்று ஊடுருவிப் போகும் என்றுதானே தோன்றும்? இரண்டு பந்து மோதிய மாதிரி எகிறித் திரும்பின! அப்புறம் மெல்ல, மிக மெல்லத்தான் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன.

அதே 2011-ல் ரைஸ் குழுவே தன் பழைய சோதனையை மறுபடி எடுத்துப் பிரித்துப் பார்த்தது. குளிர்விக்கும் வேகத்தையும் அணுக்கள் நகரும் விதத்தையும் ஆராய்ந்து முடிவைச் சொன்னது. 2006-ல் பார்த்த கோணல் கரு உண்மைதான், படம் பொய் இல்லை. ஆனால் நடுவில் உபரி ஆவியாகிப் போனதும், கருவின் எல்லையைத் தாண்டி ஸ்பின் நகர முடியாததும் சேர்ந்து உண்டாக்கிய நிலை அது. சமநிலை இல்லை. ஒருமுறை உருவாகிவிட்டால் இரண்டு வினாடி வரைகூட அப்படியே நிற்கிறது. அணு மேகத்தின் உலகத்தில் இரண்டு வினாடி என்பது ஒரு யுகம். ஏமாந்ததில் வியப்பே இல்லை.

'ரைஸ் தப்பு, எம்.ஐ.டி. சரி' என்று ஒரே வரியில் இந்தக் கதையை முடிக்கிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. ரைஸின் 2006 படங்கள் இல்லாவிட்டால், ஸ்பின் ஓர் எல்லையில் இப்படி அடைபட்டு நிற்கும் என்பதை அவ்வளவு சீக்கிரம் யாரும் தேடிப் போயிருக்க மாட்டார்கள். தன் பெயரில் ஆயிரம் பேர் மேற்கோள் காட்டுகிற ஒரு முடிவை அதே குழு மறுபடி பிரித்துப் போட்டு, காரணத்தையும் கண்டுபிடித்து எழுதிய கட்டுரை 2006 கட்டுரையைவிட நல்ல கட்டுரை. பின்னதைப் படிப்பவர்கள் குறைவு, அதுதான் வருத்தம்.

ஹியூலட் குழு இன்னொன்றும் செய்தது. 2010-ல் மேகத்தை லேசரால் கற்றை கற்றையாக, ஒற்றைப் பரிமாணக் குழாய்களாகப் பிரித்தார்கள். அந்தக் குழாய்க்குள் வீட்டின் அமைப்பே தலைகீழாகிவிடுகிறது. இரு வகையும் உபரியோடு கலந்த அடுக்கு நடுவே வந்துவிடுகிறது. முழுக்க ஜோடிகளோ முழுக்க உபரியோ ஓரத்துக்குப் போகின்றன. எது ஓரத்துக்கு என்பது ஏற்றத்தாழ்வைப் பொறுத்தது. கோட்பாடு சொன்ன அடர்த்தியோடு அச்சாகப் பொருந்தியது. அந்த நடு அடுக்கில்தான் 1964-லிருந்து தேடப்படும் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்க வேண்டும் என்கிறது அதே கோட்பாடு. ஃபுல்டே, ஃபெரல் ஒரு பக்கமும் லார்கின், ஒவ்சின்னிக்கோவ் இன்னொரு பக்கமும் தனித்தனியாகச் சொன்னது. உபரியை வெளியே தள்ளாமல், ஜோடிகள் அலை அலையாக அடர்ந்தும் மெலிந்தும் நின்று, உபரிக்கு இடைவெளிகளில் இடம் கொடுக்கும் ஒரு மீப்பாய்மம். வாசலில் நிற்க வைக்காமல், பந்தியிலேயே இரண்டு இலைக்கு ஒரு இடம் விட்டு உட்கார வைப்பது மாதிரி.

2010 சோதனை அடர்த்தியைத்தான் காட்டியது, அந்த அலையைக் காட்டவில்லை. படத்தில் அது தெரியாமல் போகலாம். அதனால் 2009-லேயே ஜோனதன் எட்ஜ், நைஜல் கூப்பர் என்ற இரண்டு கோட்பாட்டாளர்கள் வேறு ஒரு வழியைக் கணக்குப் போட்டு வைத்தார்கள். குழாய்க்குள் இருக்கும் வாயுவின் கூட்டு அதிர்வுகளில் இந்த அலைக்கு ஒரு தனி அடையாளம் இருக்கும், அதை வைத்துப் பிடிக்கலாம் என்று. தட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள்.